மூன்று மணி மழை

வியாழனன்று அறுத்த புல்
ஞாயிறு காலை சருகாய்க் கிடக்கிறது.
ஒரு பிடி அள்ளி முறுக்கினால்
முறிகிறது. இதற்குமேல் காய ஒன்றுமில்லை.
மாலைக்குள் மழை என்கிறது வானொலி.
கடலணைக்கு அப்பால்
சாம்பல் நிறத்தில் ஏதோ தடித்து வருகிறது.

வீப்ரென் சன்னல் வழியே பார்த்தான்.
பார்த்துவிட்டு டை கட்டிக்கொண்டான்.

மாட்டுக்கு ஞாயிறு தெரியாது, கறக்கலாம்.
அது இரக்கத்தின் வேலை.
புல் கட்டுவது வெறும் வேலை.
அவன் அப்பாவின் அப்பா போட்ட கோடு.
எங்கள் ஐம்பத்தாறு மாடுகளும்
கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று
அசைபோடுகின்றன.

ஆலயத்தில் இடப்பக்கம், மூன்றாம் வரிசை.
போதகர் இரண்டாம் தலைப்புக்கு வந்ததும்
கைப்பையைத் திறந்து
அவனுக்கொரு பெப்பர்மின்ட்,
பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று.
நாக்கின்மேல் அது கண்ணாடியாய் மெலியும் நேரம்
இங்கே பிரசங்கத்தை அளக்கும் முழக்கோல்.

அப்போதுதான் கேட்டது,
சுவருக்கு வெளியே,
கோசே ஹார்ஸ்மாவின் டிராக்டர்.

ஆர்கன் பழுதுபார்த்த கணக்கில் சண்டை போட்டு
பதினோரு வருஷத்துக்கு முன் சபையை விட்டவன்.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் நிலம்.
அவன் புல்லும் வியாழனன்று அறுத்ததுதான்.

தலை குனிந்தேன்.
கர்த்தாவே, என்றேன்,
மாலைவரை காத்திராதேயும்.
மூன்று மணிக்கு அனுப்பும்.
அவன் பாதி கட்டியிருக்கும்போது அனுப்பும்.
எங்களுடையது நனைந்தால் நனையட்டும்,
அவனுடையதும் நனையட்டும்.
சபையோடு சேர்ந்து
ஆமென் சொன்னேன். வாயெல்லாம் புதினா.

இரண்டு மணிக்குத்
தலையீற்றுக் கிடேரி ஒன்று படுத்துவிட்டது.
ஒரு குளம்பு வெளியே,
இன்னொன்று உள்ளே மடங்கி.
ஞாயிற்றுச் சட்டையைத் தோள்வரை சுருட்டி
கன்னத்தை அதன் தொடையில் அழுத்திக்கொண்டு
வீப்ரென் உள்ளே துழாவுகிறான்.
மருத்துவர் வர நாற்பது நிமிடம்.
"யாரையாவது கூப்பிடு."

யாரை? கண்ணுக்கெட்டிய தூரம்வரை
ஒரே ஒரு மனிதன்தான்
வேலையில் இருந்தான்.

பாலத்தைத் தாண்டி ஓடினேன்,
ஆலயத்துக்குப் போட்ட செருப்போடு.
கை வீசினேன்.
கோசே எஞ்சினை நிறுத்தினான்.
கட்டாத ஏழெட்டு வரிசையைப் பார்த்தான்,
வானத்தை ஒருமுறை பார்த்தான்,
இறங்கிவிட்டான்.

கயிறு. சாணம். மூச்சு.
கோசேயின் ஒரு கெட்ட வார்த்தை,
வீப்ரென் அதைக் கேட்கவில்லை.
மூவரும் மல்லாக்க விழுந்தபோது
எங்கள்மேல் கன்று விழுந்தது,
நீலம் பாரித்து, அசையாமல்.
கோசே அதன் மூக்கில் ஒரு துரும்பை விட்டான்.
தும்மியது.

தகரக் கூரையில் முதல் துளி.
கடிகாரத்தைப் பார்த்தேன்,
மூன்றுக்கு இன்னும் நான்கு நிமிடம்.
இருபது வருஷமாகக் கேட்டிருக்கிறேன்,
பால் விலை, அம்மாவின் இடுப்பு, ஒரு மூன்றாம் பிள்ளை.
கர்த்தர் இத்தனை சொல்கேட்டு
நான் பார்த்ததில்லை.

இரவு கோசே எங்கள் மேசையில்,
தொப்பி முழங்காலில்.
பட்டாணி சூப்புக்குப் பின்
வீப்ரென் வேதத்தைத் திறந்தான்,
நேற்று நாடா வைத்த இடத்தில்.
இன்னாருடைய குமாரன் இன்னார்,
இந்தக் கோத்திரத்தில் இத்தனை ஆயிரம் பேர்.
எனக்கென்று ஒரு கடிந்துகொள்ளலாவது
இருக்கும் என்று காத்திருந்தேன்.
பெயர்கள்தான். மேலும் பெயர்கள்.
வெளியே இரண்டு வயல்களும்
ஒரே சத்தத்தில் நனைந்தன.

"சூப் நன்றாயிருந்தது, சௌக்யா,"
என்றான் கோசே.
பெப்பர்மின்ட் ஒன்றை அவன்முன் தள்ளினேன்.
அதை எடுத்துப் பார்த்து,
பைக்குள் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை வெயில்.
கறவை முடித்து
புல் புரட்டும் இயந்திரத்தை மாட்டினேன்.
வாசலில் இடப்பக்கம் திரும்பினால் எங்கள் வயல்,
வலப்பக்கம் பாலம்.
வலப்பக்கம் திருப்பினேன்.

தொழுவ வாசலில்
வாளியோடு நின்ற வீப்ரென் தலையசைத்தான்.
கன்றுக்காக என்று நினைத்திருப்பான்.
நினைக்கட்டும்.